பதினோரு நிமிடம்

உச்சிப்புளி ரயில்வே கேட் மூடிக் கிடக்க
பூமயில் அக்கா டீக்கடை பெஞ்சில்
வரைபடத்தை விரித்தோம்.
பறக்காமலிருக்க ஒரு மூலையில் ருகையாவின் கடைச்சாவி,
எதிர் மூலையில் உளுந்தவடைத் தட்டு.
மிச்ச இரண்டையும் கச்சான் காற்று
தூக்கித் தூக்கிப் பார்த்தது.

எட்டு நாள். நாலு ஊர்.
ஐந்து வருடம் கட்டிய ஆர்.டி.,
என் தபாலாபீசிலேயே.
மாதம் முதல் தேதி
என் பாஸ்புக்கில் நானே முத்திரை குத்தியது.

ஊர்களைப் பற்றிச் சண்டையில்லை.
ஊருக்கும் ஊருக்கும் நடுவில்தான் எல்லாம்.

ஜெசிந்தா விமானம் என்கிறாள்.
ஒரே மணி நேரம்.
மண்டபம் ஆஸ்பத்திரியில் இரவுப் பணி பார்த்தவளுக்கு
உட்கார்ந்து தூங்குவதென்றாலே
இடுப்பு முதலில் அழுதுவிடும்.

ருகையா கணக்குப் போடுகிறாள்,
தைப்பதற்கு விளிம்பு விடுகிறவளின் கணக்கு:
ஊருக்கு வெளியே ஏர்போர்ட், அதற்கொரு பஸ்,
ரெண்டு மணி நேரம் முன்னாலேயே போய் நிற்கணும்,
இறங்கினால் இன்னொரு பஸ்.
உன் ஒரு மணி நேரம் ஆறாகிப்போச்சு பார்.
இதில் பை ஏழு கிலோதானாம்,
தொதலே ரெண்டு கிலோ வரும்.
"அங்க எதுக்குடி தொதல்?"
"பசிக்காதா உனக்கு?"

நான் இரவு ரயில் கட்சி.
ஒரு ராத்திரி லாட்ஜ் வாடகை மிச்சம் என்றேன்.
சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.
படுத்தபடியே ஒரு நாட்டைத் தாண்ட வேண்டும்,
போர்வைக்குள் கால் நீட்டி,
எந்த இடத்தில் தாண்டினோம் என்று தெரியாமல்.

தெரியாமல் தாண்டியவர்கள் இங்கே உண்டு.
இந்தக் கடலில் அந்தக் கோட்டை
அலை காட்டுவதில்லை, மீனும் சொல்வதில்லை.
வலையோடு போன ஜெசிந்தாவின் கொழுந்தன் அருளப்பன்
நாலு மாதம் கழித்துத் திரும்பிய அன்று
இதே பெஞ்சில்தான் உட்கார்ந்து
ரெண்டு டீ குடித்தான், ஒன்றும் பேசவில்லை.
படகை விற்று மீன் வண்டி வாங்கினான்.

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள்.
சரி, ரயிலே இருக்கட்டும் என்றாள்.

ரயில் என்றதும் வந்தது பதினோரு நிமிடம்.
நடுவில் ஒரு சந்திப்பு நிலையம்,
பெயரை மூன்று பேரும் மூன்று விதமாக வாசித்தோம்.
ரெண்டாவது நடைமேடையில் இறங்கி
ஒன்பதாவதில் ஏற வேண்டும்.
விட்டால் அடுத்த வண்டி விடியற்காலை.

பதினோரு நிமிடம் என்றால் எவ்வளவு?
இங்கே அது,
கூடையைத் தலையில் பிடித்தபடி ஒருத்தி ஓடி வர
கண்டக்டர் விசிலை ஊதாமல்
வாயிலேயே வைத்திருக்கும் நேரம்.
"அங்க நிப்பாட்ட மாட்டான்" என்றாள் ஜெசிந்தா.
"நாம மட்டும் யாருக்காக நிக்கப் போறோம்" என்றாள் ருகையா.

நடந்தே பார்த்துவிடுவோம் என்றேன்.
ருகையாவின் துணி மூட்டைகள் மூன்று, ஆளுக்கொன்று.
டீக்கடையிலிருந்து கேட்,
கேட்டிலிருந்து பனங்காடு ஓரமாகப் பள்ளிவாசல் முக்கு,
அங்கே தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும்.
நாடி பார்க்கிற கைக்கடிகாரத்தை ஜெசிந்தா பிடித்தாள்.
பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியே எட்டிப்பார்க்க
நாற்பதைத் தாண்டிய மூன்று பெண்கள்
எதையும் துரத்தாமல், எதுவும் துரத்தாமல்
மணலில் ஓடினோம்.

ஒன்பது நிமிடம் நாற்பது விநாடி.
ருகையாவின் செருப்பு வார் அறுந்ததும் சேர்த்து.
"அங்க படிக்கட்டு இருக்கும்ல?" என்றாள் பூமயில் அக்கா.
அதை யாரும் யோசிக்கவில்லை.

ரயில் போனது. கேட் தூக்கினார்கள்.
பஸ்ஸுக்கு எழுந்தபோதுதான் உறைத்தது:
ராமநாதபுரத்தில் சென்னை வண்டி பிடிக்க
ராத்திரியில் பெட்டியும் கையுமாக
எங்களை யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது?
ஜெசிந்தா ஏற்கெனவே போனில் இருந்தாள்.
"பெட்டிய மட்டும் பாலிதீன்ல சுத்திக்கங்க, நாறும்" என்று
அருளப்பன் கத்தியது எனக்கே கேட்டது.

காகிதத்தின் உச்சியில்,
எல்லா ஊர்ப் பெயர்களுக்கும் மேலே,
இடம் போதாமல் நுணுக்கி எழுதினேன்:

உச்சிப்புளி – ராமநாதபுரம். மீன் வண்டி.
நேரம்: கேட் திறந்திருந்தால்.